கணக்கில் வராதவை

2003 ஜனவரி 27 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு சபையில், ஈராக்கில் பேரழிவு ஆயுதங்களைத் தேடிய ஆய்வுக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் வாசித்த அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. ஈரானுடன் நடந்த போரில், 1983 முதல் 1988 வரை, 19,500 ரசாயனக் குண்டுகளைச் செலவழித்துவிட்டதாக ஈராக் அறிவித்திருந்தது. 1998இல் பாக்தாதிலுள்ள விமானப் படைத் தலைமையகத்தின் இரும்புப் பெட்டியிலிருந்து ஆய்வாளர் ஒருவர் சில தாள்களை எடுத்தார். உடனிருந்த ஈராக் அதிகாரிகள் அவற்றை அவர் கையிலிருந்தே பறித்துக்கொண்டார்கள். அந்தத் தாள்கள் 2002இன் இறுதியில்தான் மீண்டும் ஆய்வாளர்களிடம் வந்து சேர்ந்தன. அவற்றின்படி வீசப்பட்ட குண்டுகள் 13,000. வித்தியாசம் 6,500. அந்தக் குண்டுகளில் அடைத்திருக்கக்கூடிய ரசாயனம் ஏறத்தாழ 1,000 டன். மாற்று ஆதாரம் கிடைக்காதவரை இந்த அளவைக் கணக்கில் வராததாகவே கொள்ள வேண்டியிருக்கிறது என்றார் பிளிக்ஸ்.

கணக்கில் வராதது என்ற இந்தச் சொல்லை முப்பது ஆண்டுகள் எழுதிப் பிழைத்தவன் நான். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்வது என் வேலையாக இருந்தது. உரம், விதை, சர்க்கரை, மண்ணெண்ணெய் என்று எதையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, குறைந்தால் குறைவு என்றும் கூடினால் கூடுதல் என்றும் எழுதுவேன். ஈராக் போரைப் பற்றி அந்த நாட்களில் நடந்த வாக்குவாதங்களைப் படித்தபோது, அணுவையும் நச்சு வாயுவையும் பற்றி எனக்கு எதுவும் தெரியாதபோதிலும், இந்த ஒரு சொல்லை அவர்கள் கையாண்ட விதம் மட்டும் எனக்கு உடனே புரிந்தது. அது சரியில்லை என்பதும் புரிந்தது.

ஏன் என்று சொல்வதற்கு, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பார்த்த ஒரு சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியாய விலைக் கடைகளை நடத்திய சங்கம் அது, ஊர் வேண்டாம். பதிவேட்டின்படி இருக்க வேண்டிய காலிச் சாக்குகளில் 340 குறைந்தன. செயலாளரைக் கேட்டபோது, மழையில் கிடங்கு ஒழுகிச் சாக்குகள் மக்கிப்போய், எலியும் கடித்துவிட்டதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்குப் பின்புறம் போட்டுக் கொளுத்திவிட்டதாகச் சொன்னார். நிர்வாகக் குழுத் தீர்மானம் இல்லை. சாட்சிக் கையெழுத்து இல்லை. பின்புறம் போய்ப் பார்த்தோம். தரையில் கருப்பாக ஒரு வட்டம் இருந்தது, நூறு சாக்கு எரிந்த வட்டமா ஐந்நூறு எரிந்த வட்டமா என்று யாரால் சொல்ல முடியும்? அன்று இரவு நான் எழுதிய வரைவுக் குறிப்பில், செயலாளர் 340 சாக்குகளை மறைத்து வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தேன். என் மேலதிகாரி அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "தம்பி, குறைவு என்று எழுது. மறைத்தார் என்று எழுத உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். சாக்கின் விலை செயலாளரிடமிருந்து வசூலிக்கப்பட்டது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. நிரூபிக்க முடியாததால் அவர் கட்டினார். ஆனால் எந்தக் கோப்பிலும் அந்தச் சாக்குகள் எங்கோ இருக்கின்றன என்று எழுதப்படவில்லை.

ஈராக்கின் கதையும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் தொடங்குகிறது. குவைத் போருக்குப் பின் 1991 ஏப்ரல் 3 அன்று நிறைவேறிய 687ஆம் தீர்மானம், ரசாயன, உயிரியல் ஆயுதங்களையும் 150 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணைகளையும் ஈராக் அறிவித்து, பன்னாட்டு மேற்பார்வையில் அழிக்க வேண்டும் என்றது. அதற்காக அன்ஸ்காம் என்ற ஆய்வுக் குழு, சுவீடனைச் சேர்ந்த ரால்ஃப் எக்கியூஸ் தலைமையில் அமைந்தது. அணு ஆயுதம் பற்றிய பகுதி பன்னாட்டு அணுசக்தி முகமையிடம் விடப்பட்டது. சதாம் உசேனின் அரசு கையிருப்பில் ஒரு பகுதியைக் காட்டியது, ஒரு பகுதியை ஒளித்தது. பிறகு 1991 கோடையில், ஒளித்ததில் பெரும்பகுதியைத் தானே, யாருக்கும் தெரியாமல், மேற்பார்வை இல்லாமல் அழித்தது. அடுத்த ஆண்டு அதை ஒப்புக்கொண்டபோது, எவ்வளவு அழித்தோம் என்பதற்கு நம்பத்தக்க பதிவேடு எதையும் அதனால் நீட்ட முடியவில்லை. கிடங்குக்குப் பின்புறம் கருப்பு வட்டம்.

அந்த அரசின்மீது ஆய்வாளர்களுக்கு இருந்த அவநம்பிக்கைக்கு நியாயம் இருந்தது. ஹலப்ஜாவில் 1988 மார்ச்சில் ஏறத்தாழ 5,000 குர்து மக்களை நச்சு வாயுவால் கொன்ற அரசு அது. 1991 செப்டம்பரில், அணு ஆயுதத் திட்ட ஆவணங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்த டேவிட் கே என்ற ஆய்வாளரின் குழுவை பாக்தாதில் ஒரு வாகன நிறுத்துமிடத்திலேயே நான்கு நாட்கள் மறித்து வைத்திருந்தது. உயிரியல் ஆயுதம் தயாரித்ததே இல்லை என்று நான்கு ஆண்டுகள் சாதித்தது. ஆய்வாளர்களின் விடாத கேள்விகளால் 1995 ஜூலையில் கொஞ்சம் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் சதாமின் மருமகனும் ஆயுதத் திட்டங்களின் பொறுப்பாளருமான உசேன் கமல் ஜோர்தானுக்குத் தப்பியோடிய பிறகுதான் மிச்சத்தையும் ஒப்புக்கொண்டு, ஒரு கோழிப்பண்ணையிலிருந்து ஆவணப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தது. பொய் சொல்லிப் பழகியவன் உண்மையைச் சொல்லும்போதும் பாதிதான் எடுபடும்.

உசேன் கமல் விஷயத்தில் இன்னொரு பாதியும் உண்டு. ஆயுதங்களை ஒளித்த கதையைச் சொன்ன அதே வாயால், அவை அனைத்தும் அழிக்கப்பட்டுவிட்டன என்றும் அவர் ஆய்வாளர்களிடம் சொல்லியிருந்தார். 2002 ஆகஸ்ட் 26 அன்று அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி, சதாமிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்பதில் ஐயமே இல்லை என்று பேசியபோது, ஆய்வாளர்களை நம்பிப் பயனில்லை என்பதற்கு உசேன் கமலின் தப்பியோட்டத்தைத்தான் எடுத்துக்காட்டினார். முதல் பாதியை மட்டும். சாட்சியின் வாக்குமூலத்தில் வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடுவதை எந்தத் தணிக்கையாளர் செய்தாலும் அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். (உசேன் கமல், மன்னிப்பு கிடைத்தது என்று நம்பி 1996 பிப்ரவரியில் நாடு திரும்பி, சில நாட்களில் கொல்லப்பட்டார்.)

1998 டிசம்பரில் ஆய்வாளர்கள் திரும்ப அழைக்கப்பட்டு, நான்கு நாட்கள் குண்டு வீசப்பட்டு, அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கு அந்த நாட்டுக்குள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. அமெரிக்க உளவுத்துறை அன்ஸ்காமைத் தன் ஒட்டுக்கேட்புக்குப் பயன்படுத்திக்கொண்டது என்ற செய்தி 1999இன் தொடக்கத்தில் வெளியானபோது, ஆய்வாளர்கள் ஒற்றர்கள் என்று ஈராக் பல ஆண்டுகளாகக் கூறிவந்த குற்றச்சாட்டுக்கும் ஓரளவு வலுக் கிடைத்தது. புதிதாக அமைக்கப்பட்ட அன்மோவிக் குழுவுக்கு பிளிக்ஸ் தலைவரானார். 2002 நவம்பர் 8 அன்று 1441ஆம் தீர்மானம் பதினைந்துக்குப் பூஜ்யம் என்ற வாக்கில் நிறைவேறியது, அரபு நாடான சிரியாகூட ஆதரித்தது. ஈராக் முந்தைய கடமைகளைப் பெருமளவு மீறியிருக்கிறது, இது கடைசி வாய்ப்பு, தவறினால் கடும் விளைவுகள் என்றது அது. மீறல் நடந்தது என்று யார் தீர்மானிப்பது, கடும் விளைவு என்பது போர்தானா என்ற இரண்டையும் வேண்டுமென்றே மங்கலாக விட்டதால்தான் பதினைந்து கைகளும் உயர்ந்தன. எல்லாரும் கையெழுத்திட்ட தீர்மானத்தை ஆளுக்கொரு பொருளில் வாசிப்பது சங்கப் பொதுக்குழுக்களில் நான் பலமுறை கண்ட வேடிக்கை.

நவம்பர் 27 அன்று ஆய்வு மீண்டும் தொடங்கியது. டிசம்பர் 7 அன்று ஈராக் ஏறத்தாழ 12,000 பக்கங்களில் தன் அறிக்கையைக் கொடுத்தது. பெரும்பகுதி பழைய தாள்களின் மறுபிரதி. அடுத்து வந்த மூன்றரை மாதங்களில் அன்மோவிக் 411 இடங்களில் 731 ஆய்வுகளை நடத்தியது. முன்னறிவிப்பு இல்லாமல் போனார்கள், அரண்மனைக்குள்ளும் போனார்கள். ஜனவரி 16 அன்று உகைதர் ஆயுதக் கிடங்கில் ரசாயனம் நிரப்புவதற்கான பன்னிரண்டு ராக்கெட் முனைகள் கிடைத்தன, எல்லாம் காலி. வாஷிங்டனும் லண்டனும் உளவுத் தகவல் தந்து அனுப்பிய இடங்களில் பெரும்பாலானவற்றில் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில் பிளிக்ஸுக்குத் தோன்றிய கேள்வி எளிமையானது: ஆயுதம் இருப்பது நூறு சதவீதம் உறுதி என்கிறார்கள், எங்கே இருக்கிறது என்பதில் மட்டும் ஏன் ஒன்றுமே தெரியவில்லை?

பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பாதுகாப்பு சபையில் செயற்கைக்கோள் படங்களையும் ஒட்டுக்கேட்ட உரையாடல்களையும் வைத்து ஒன்றேகால் மணி நேரம் பேசினார். வெள்ளைப் பொடி அடைத்த ஒரு சிறு குப்பியை விரல்களுக்கிடையில் தூக்கிக் காட்டியது எல்லா நாளிதழ்களிலும் வந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு லாரி. ஓர் ஆயுதக் கிடங்கின் இரண்டு படங்களைக் காட்டி, முதல் படத்தில் இருக்கும் நச்சு நீக்கும் வண்டி இரண்டாவதில் இல்லை, ஆய்வாளர்கள் வருவதையறிந்து அகற்றியிருக்கிறார்கள் என்றார் அவர். ஒன்பது நாட்கள் கழித்து பிளிக்ஸ் அதே அவையில் அமைதியாகச் சொன்னார்: அந்த இரண்டு படங்களும் பல வாரங்கள் இடைவெளியில் எடுக்கப்பட்டவை, அங்கே ஆயுதங்களை இடம்மாற்றியது வழக்கமான வேலையாகவும் இருக்கலாம். திங்கட்கிழமை கிடங்கில் இருந்த வண்டி அடுத்த மாதம் இல்லை என்றால், அது வேலைக்குப் போயிருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம் அல்லவா?

உயிரியல் ஆயுதத்தைத் தயாரிக்கும் நடமாடும் ஆலைகள் என்று பவல் வரைபடம் காட்டியதும், ஜெர்மன் உளவுத்துறையிடம் பேசிய ஓர் ஈராக் அகதியின் சொல்லை முதன்மையாக நம்பித்தான். கர்வ்பால் என்று பட்டப்பெயர் வைத்து அவரை அழைத்தார்கள். பின்னாளில் தான் சொன்னது கட்டுக்கதை என்று அவரே ஒப்புக்கொண்டார். அலுமினியக் குழாய்கள் அணு எரிபொருளைச் செறிவூட்டும் சுழலிகளுக்கானவை என்றார்கள். அவை 81 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளுக்கானவையே என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் நிபுணர்களே முன்பு எழுதியிருந்தார்கள். நைஜரிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட கடிதங்கள் உண்மையானவை அல்ல என்று மார்ச் 7 அன்று அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பரடேய் அறிவித்தார்.

அதே நாளில் பிளிக்ஸ் வாசித்த அறிக்கையை, போரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் இன்றும் முழுதாகப் படிப்பதில்லை. 150 கிலோமீட்டர் வரம்பைத் தாண்டிய அல் சமூத் 2 ஏவுகணைகளை மார்ச் 1 முதல் ஈராக் நசுக்கிக்கொண்டிருந்தது. இவை பல்குத்தும் குச்சிகள் அல்ல, உயிரைப் பறிக்கும் ஆயுதங்கள் என்று பிளிக்ஸ் குறிப்பிட்டார். மார்ச் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ எழுபது நொறுக்கப்பட்டன. அஸீஸியா என்ற இடத்தில், 1991இல் அழித்துப் புதைத்ததாகச் சொன்ன ஆர் 400 ரகக் குண்டுகளை ஈராக்கியர்களே தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை முழுதாகக் கிடைத்தவை எட்டு. அவற்றில் இரண்டில் திரவம் அப்படியே இருந்தது. நச்சைக் கொட்டிய நிலத்தின் மண்ணைச் சோதித்து, எவ்வளவு கொட்டினோம் என்று நிறுவலாமா என்றும் பேச்சு நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தக் கருப்பு வட்டத்தைத் தோண்டி, எரிந்த சாக்கின் நூலை எண்ணத் தொடங்கியிருந்தார்கள். மிச்ச வேலைக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்ற கேள்விக்கு, ஆண்டுகள் வேண்டாம், வாரங்கள் போதாது, மாதங்கள் ஆகும் என்றார் பிளிக்ஸ்.

போரை ஆதரித்தவர்களின் வாதத்தில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். குவைத்தில் வந்து குவிந்த அமெரிக்க, பிரிட்டன் படைதான் அந்தக் கதவுகளைத் திறந்தது. அது இல்லாவிட்டால் ஒரு ஏவுகணையும் நசுங்கியிருக்காது. பிளிக்ஸே இதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படைக்கு ஒரு கெடு இருந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பாலைவனத்தில் நிறுத்திவிட்டால், கோடை வெயில் ஏறுவதற்கு முன் அவர்களை முன்னே அனுப்ப வேண்டும், இல்லை திருப்பி அழைக்க வேண்டும். திருப்பி அழைத்தால் மிரட்டலும் போய்விடும், ஆட்சியாளரின் மானமும் போய்விடும். ஆய்வுக்குத் துணையாக வந்த படையே ஆய்வின் கழுத்தில் கடிகாரத்தைக் கட்டிவிட்டது. மாதங்கள் ஆகும் என்ற விடை அறிவியலுக்குப் பொருத்தமான விடை. படையின் நாட்காட்டியில் அதற்கு இடமில்லை.

சட்டத்தின் வழியில் சொல்லப்பட்ட நியாயமும் சுற்றுவழிதான். குவைத்தை மீட்பதற்காக 1990இல் நிறைவேறிய 678ஆம் தீர்மானம் படைபலத்தை அனுமதித்தது, 687 அதை நிறுத்தி மட்டும் வைத்தது, ஈராக் மீறிவிட்டதால் பழைய அனுமதி உயிர்த்தெழுந்துவிட்டது என்பது வாதம். பிரிட்டனின் தலைமைச் சட்ட அதிகாரி கோல்ட்ஸ்மித் மார்ச் 7 அன்று பிரதமர் டோனி பிளேருக்கு எழுதிய நீண்ட குறிப்பில், இன்னொரு தீர்மானம் பெறுவதே பாதுகாப்பான வழி என்று கூறி, இந்த வாதத்தின் பலவீனங்களையும் பட்டியலிட்டார். பத்து நாட்கள் கழித்து நாடாளுமன்றத்துக்கு அவர் தந்த சுருக்கமான விடையில் அந்தத் தயக்கங்கள் ஒன்றும் இல்லை. இரண்டாவது தீர்மானத்துக்குத் தேவையான ஒன்பது வாக்குகள் சேரவில்லை என்று தெரிந்ததும், அமெரிக்காவும் பிரிட்டனும் ஸ்பெயினும் அதை வாக்கெடுப்புக்கு விடாமலே கைவிட்டன. மார்ச் 17 அன்று, போரை எதிர்த்து, பிரிட்டன் அமைச்சர் ராபின் குக் பதவி விலகினார். மறுநாள் 412க்கு 149 என்ற வாக்கில் பிரிட்டன் நாடாளுமன்றம் போரை ஏற்றது; அதே நாளில் ஆய்வாளர்கள் பாக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். இருபதாம் தேதி போர் தொடங்கியது.

நம் நாடாளுமன்றமும் ஏப்ரலில் ஒரு தீர்மானம் போட்டது. இந்தியில் அதற்கு நிந்தை என்ற கடுமையான சொல்லும், ஆங்கிலத்தில் வருத்தத்துக்கும் கண்டனத்துக்கும் நடுவே நிற்கும் மெல்லிய சொல்லும் போட்டார்கள். எதிர்க்கட்சிகளையும் சமாளித்தாயிற்று, வாஷிங்டனையும் சமாளித்தாயிற்று. ஒரு சொல்லைக் கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்பது நமக்கும் தெரியாததல்ல.

படையெடுப்புக்குப் பின் ஈராக் ஆய்வுக் குழு என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடு முழுவதும் தேடினார்கள். முதலில் தலைமை தாங்கியவர், வாகன நிறுத்துமிடத்தில் நான்கு நாட்கள் நின்ற அதே டேவிட் கே. 2004 ஜனவரியில் பதவி விலகியபின், நாம் ஏறத்தாழ எல்லாருமே தவறிழைத்துவிட்டோம் என்று அவர் அமெரிக்க செனட் குழுவிடம் சொன்னார். அடுத்து வந்த சார்லஸ் டூல்ஃபரின் அறிக்கை, கையிருப்பு 1991இலேயே அழிக்கப்பட்டுவிட்டது என்றும், ஈரானை அச்சத்தில் வைத்திருப்பதற்காகத் தன்னிடம் ஏதோ இருக்கிறது என்ற மயக்கத்தை சதாம் விட்டுவைத்தார் என்றும் முடிவுக்கு வந்தது. குவைத் போருக்கு முற்பட்ட, துருப்பிடித்த ரசாயனக் குண்டுகள் பின்னாளில் ஆயிரக்கணக்கில் அங்கங்கே கிடைத்ததும், அவற்றைக் கையாண்ட வீரர்கள் சிலர் பாதிக்கப்பட்டதும் உண்மை. போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட உயிருள்ள திட்டம் அவை அல்ல.

இந்த அறிக்கைகளில் என்னை நெடுநேரம் நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. கணக்கில் வராமல் நின்ற பெரிய இனங்களில் ஒன்று ஆந்த்ராக்ஸ் கிருமிக் கரைசல். 1991இல் அதில் ஒரு பகுதியை, சதாமின் அரண்மனை ஒன்றின் அருகிலேயே கொட்டி அழித்துவிட்டார்கள். அரண்மனை வாசலில் நஞ்சைக் கொட்டினோம் என்று தெரிந்தால் தலை தப்பாது என்று அஞ்சி, கொட்டிய இடத்தை விஞ்ஞானிகள் கடைசிவரை ஆய்வாளர்களிடம் சொல்லவே இல்லை. பதிவேட்டில் துண்டு விழுந்ததற்குக் காரணம் அங்கே ஒளித்து வைத்த ஆயுதம் அல்ல, முதலாளியிடம் உள்ள பயம். என் அனுபவத்தில் துண்டு விழும் கணக்குகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். திருடியவன் கணக்கை நேராக எழுதி வைத்திருப்பான்.

ஈராக் போரில் பிரிட்டனின் பங்கு பற்றி ஏழு ஆண்டுகள் நடந்த சில்காட் விசாரணை 2016 ஜூலை 6 அன்று வெளியிட்ட அறிக்கை, அமைதி வழிகள் தீர்ந்துபோவதற்கு முன்பே அந்த நாடு படையெடுப்பில் சேர்ந்தது என்றும், அந்த வேளையில் போர் கடைசி வழியாக இருக்கவில்லை என்றும் எழுதியது.

அன்மோவிக் குழு போருக்குப் பின்னும் நியூயார்க்கில் ஓர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்தது. ஈராக்குக்குள் போக அதற்கு அனுமதி இல்லை. 2007 ஜூன் 29 அன்று 1762ஆம் தீர்மானம் அதைக் கலைத்தது. பதினான்கு பேர் ஆதரித்தார்கள். ரஷ்யா மட்டும் வாக்களிக்கவில்லை: ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருந்தனவா இல்லையா என்ற கேள்விக்கு இந்தத் தீர்மானம் தெளிவான விடை தரவில்லை என்பது அதன் குறை. எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தணிக்கைத் தடைக்கு நிவர்த்தி வராமலே, சங்கம் கலைக்கப்பட்டு, செயலாளரும் இறந்துபோய்விட்டால், குறிப்பின் ஓரத்தில் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிக் கோப்பைக் கட்டிவிடுவோம்.